மணியம் ஓவியங்களோடு ஒரு பழைய பைண்டிங்: பிரித்து, ஒட்டி, திரும்பத் தைத்த பதிவு

எடுத்துக்கொண்ட பொருள் 'பொன்னியின் செல்வன்' முதல் பாகமான 'புது வெள்ளம்'. புத்தகமாக வந்த பதிப்பு அல்ல. 'கல்கி' இதழில் தொடராக வந்தபோது வாரா வாரம் தாளை வெட்டி எடுத்து வைத்து, பாகம் முடிந்ததும் உள்ளூர் பைண்டரிடம் கொடுத்துத் தைத்த தொகுப்பு. ஒரு காலத்தில் வாசிக்கிற வீடுகளில் எல்லாம் இப்படி ஒன்றிரண்டு இருக்கும். இப்போது வீடு காலி செய்யும்போது எடைக்குப் போய், அங்கிருந்து நடைபாதைக் கடைக்கு வந்து, அதிர்ஷ்டம் இருந்தால் சேகரிப்பவர் கையில் சேர்கின்றன.

கதை எந்தக் கடையிலும் கிடைக்கும். இந்தத் தாள்களைத் தேடுவது ஓவியத்துக்காக. மணியம் வரைந்த படம் வார இதழில் என்ன அளவில், எந்த வரிக்குப் பக்கத்தில், எழுத்து எப்படி அதைச் சுற்றி ஓட அச்சானதோ, அதை அப்படியே பார்க்க இந்த வெட்டித் தைத்த தொகுப்புகளே வழி. 'தில்லானா மோகனாம்பா'ளுக்குக் கோபுலு, 'கடல் புறா'வுக்கு லதா என்று தேடுபவர்களுக்கும் இதே கதைதான். இங்கே சொல்லும் வேலைமுறை அந்தத் தொகுப்புகளுக்கும், பழைய அம்புலிமாமா ஆண்டுத் தொகுப்புகளுக்கும் அப்படியே பொருந்தும்.

கைக்கு வந்தபோது இருந்த நிலை: 116 தாள். பைண்டர் மூன்று பக்கமும் வெட்டியதால் மிஞ்சிய அளவு 23 செ.மீ. உயரம், 17 செ.மீ. அகலம். முதுகில் சிவப்பு காலிகோ (பைண்டிங் துணி), அட்டைமேல் மார்பிள் பேப்பர். முதுகு விளிம்பிலிருந்து 10 மி.மீ. உள்ளே தள்ளி, ஐந்து துளை போட்டுக் குத்துத் தையல். 31 தாள் தையல் கோட்டிலேயே ஒடிந்திருந்தது. சில முழுதாக, சில பாதி. 14 இடத்தில் செலோடேப். ஓரங்களில் ராமபாணப் பூச்சி மேய்ந்த தடம். நூலக முத்திரை ஒன்று, ஊதா மையில், மூன்று தாளில்.

முதலில் புரிந்துகொள்ள வேண்டியது அந்தத் தையல் கோட்டை. குத்துத் தையல் போட்ட புத்தகம் முதுகுவரை விரியாது. தாள் தையலில் முட்டி நின்று, அங்கேயே வளையும். புதுத் தாளை அது ஒன்றும் செய்யாது. மரக்கூழிலிருந்து செய்த நியூஸ் பிரிண்ட்டில் லிக்னின் என்னும் மரப்பொருள் இருக்கிறது. வருடங்கள் போகப் போக அமிலம் ஊறி, நாரின் வலு குறைந்து, தாள் அப்பளம் போல் ஆகிறது. பிறகு ஒவ்வொரு முறை புரட்டும்போதும் ஒரே கோட்டில் மடிந்து, ஒரு நாள் கையோடு வந்துவிடும். அதனால் ஒடிந்த தாளை ஒட்டி, பழையபடி குத்துத் தையலே போட்டுக் கொடுத்தால் அது பழுதுபார்ப்பு ஆகாது. அடுத்த தாள் ஒடிவதற்கு ஏற்பாடு. பல கடைகளில் நடப்பது அதுதான் என்பது வருத்தம். இந்த வேலையில் எடுத்த முடிவுகள் எல்லாம் இந்த ஒரு கோட்டிலிருந்து வந்தவை.

எந்தத் தடவை வெளியானது?

பிரிப்பதற்கு முன் தாளின் வயதை உறுதி செய்துகொள்வது நல்லது. 'பொன்னியின் செல்வன்' 1950 அக்டோபர் இறுதியில் தொடங்கி 1954 வரை முதல் தடவை வந்தது. பின்னால் அதே இதழில் திரும்பத் திரும்ப வெளியானபோது வினு, பத்மவாசன், வேதா ஆகியோர் வரைந்தார்கள். ஓவியத்தின் மூலையில் உள்ள கையொப்பம் ஓவியரைச் சொல்லும். தாளின் வயதைச் சொல்லாது. வயதைச் சொல்வது பின்பக்கம்.

பின்பக்க விளம்பரங்களில் விலை அணாவில் இருந்தால் தாள் பெரும்பாலும் 1957-க்கு முந்தியது. அந்த வருடம் ஏப்ரல் 1 அன்றுதான் நயா பைசா வந்தது. 'நயா' போய் வெறும் பைசா ஆனது 1964 ஜூன் 1. அடுத்த சோதனை எழுத்து. 'லை', 'னை' போன்றவை யானைத் தும்பிக்கை போட்ட பழைய வடிவிலும், 'றா', 'னா' சுழித்த பழைய வடிவிலும் இருந்தால் அது பெரும்பாலும் எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்திய அச்சு. அரசாணை வந்தது 1978-ல். பத்திரிகைகள் ஒரே நாளில் மாறிவிடவில்லை. அதனால் இந்தச் சோதனை ஒரு பக்கமாக மட்டுமே செல்லும்: புது வடிவம் இருந்தால் நிச்சயம் முதல் வெளியீடு இல்லை.

மூன்றாவது, 10 மடங்கு பெரிதாக்கும் லென்ஸ். அந்தக் கால ஓவியம் துத்தநாக பிளாக்கில் அமிலத்தால் அரித்தெடுத்து, எழுத்தோடு சேர்த்து அழுத்தி அச்சிட்டது. லென்ஸ் வழியே பார்த்தால் ஒவ்வொரு கோட்டின் இரு ஓரத்திலும் மை பிதுங்கி, நடுவைவிட ஓரம் கொஞ்சம் கருத்திருக்கும். தாளைத் திருப்பி விரல் நுனியால் தடவினால் அழுத்தம் தட்டுப்படும். ஜெராக்ஸில் இது வராது. அதில் கருப்புத் தூள் தாளின் மேலேயே பளபளவென்று உட்கார்ந்திருக்கும். கோட்டைச் சுற்றி சிந்திய புள்ளிகள் தெரியும். விலை பேசும் இடத்தில் இந்த லென்ஸ் சட்டைப்பையில் இருக்க வேண்டும்; தொகுப்பின் நடுவே இரண்டு மூன்று ஜெராக்ஸ் தாள் செருகி முழுத் தொகுப்பு என்று விற்பது நடக்கிற விஷயம்.

இந்தத் தொகுப்பு மூன்று சோதனையிலும் தேறியது.

அடுத்து எண்ணிக்கை. முழு நாவல் 293 அத்தியாயம். பாகவாரியாக 57, 53, 46, 46, 91. முதல் பாகத்துக்கு 57 கட்டம் போட்ட அட்டவணை எழுதி, ஒவ்வொரு அத்தியாயத்தின் தொடக்கமும் முடிவும் எந்தத் தாளில் என்று குறித்ததில் இரண்டு தாள் இல்லை என்று தெரிந்தது. இதழின் பக்க எண்ணை நம்பக்கூடாது. அது வாரா வாரம் புதிதாகத் தொடங்குவது. ஒவ்வொரு தாளின் கீழ் வெளி மூலையில், 2பி பென்சிலால், அழுத்தாமல், நமக்கான வரிசை எண் போட்டுவிட வேண்டும். இல்லாத இரண்டுக்கும் எண் ஒதுக்கியதால் மொத்தம் 118. இந்த எண் போடாமல் தையலை வெட்டவே வெட்டாதீர்கள். மின்விசிறி ஒரு சுற்று சுற்றினால் போதும், இரண்டு நாள் வேலை.

பிரித்தல்

பூச்சி இருப்பதால் முதலில் குளிர்ப்பெட்டி. முழுத் தொகுப்பையும் பிளாட்டிங் பேப்பரில் (ஈரம் உறிஞ்சும் ஒற்றுத்தாள்) சுற்றி, தடித்த பாலிதீன் பையில் காற்றை வெளியேற்றி மூடி, மைனஸ் 18 டிகிரிக்குக் கீழே போகும் டீப் ஃப்ரீஸரில் 14 நாள். எடுத்த பிறகு பையைப் பிரிக்காமல் முழுதாக ஒரு நாள் வெளியே வைக்க வேண்டும். அவசரப்பட்டு உடனே பிரித்தால் சென்னைக் காற்றில் உள்ள ஈரம் அத்தனையும் குளிர்ந்த தாளின்மேல் முத்து முத்தாகப் படியும்.

காலிகோவை முதுகின் இரு ஓரத்திலும் கத்தியால் கீறி எடுத்தால் பசை தெரியும். பசை எது என்று தெரிந்துகொண்டால்தான் எடுக்கும் வழி தெரியும். பழுப்பாகக் கண்ணாடிபோல் இருந்து, வெதுவெதுப்பான ஈரம் பட்டதும் ஜெல்லி போல் உப்பினால் வச்சிரம், அதாவது விலங்குத் தோல், எலும்பிலிருந்து காய்ச்சிய பசை. ஈரத்தில் வெளுத்து, ரப்பர்போல் இழுத்தால் பின்னால் யாரோ ஃபெவிகால் போட்டிருக்கிறார்கள். அதைக் கரைக்க முடியாது, மெல்ல உரிக்கத்தான் வேண்டும். இங்கே இருந்தது மைதா பசை, லேசான பச்சை ஓடியது. அந்தப் பச்சை மயில்துத்தம். பூச்சி அண்டாமல் இருக்கப் பசையில் துத்தம் கலப்பது பைண்டர்களின் பழைய வழக்கம். பூச்சிக்கு அது சரி. ஆனால் செம்பு உப்பு தாளின் நார் சிதைவதை வேகப்படுத்தும். முதுகை ஒட்டிய 3 மி.மீ. மட்டும் மற்ற இடத்தைவிடக் கரும்பழுப்பாக இருந்ததற்குக் காரணம் அதுதான்.

100 மி.லி. நீருக்கு 5 கிராம் மெத்தில் செல்லுலோஸ் கலந்த கெட்டிக் கூழை முதுகில் 3 மி.மீ. கனத்துக்குப் பூசி, மேலே பாலிதீன் மூடி 15 நிமிடம். பசை இளகியதும் மரக்கத்தியால் வழித்து, இன்னொரு தடவை. 20 நிமிடத்தைத் தாண்டினால் ஈரம் தாளுக்குள் ஏறத் தொடங்கும். முதுகு காய்ந்த பிறகு தையலை முன்பக்கமும் பின்பக்கமும் ஒவ்வொரு துளையாக வெட்டி, நூலைத் துண்டு துண்டாக இடுக்கியால் எடுத்தது. ஒரு முனையைப் பிடித்து இழுத்தால் நூல் ரம்பம் மாதிரி துளையை அறுத்துவிடும்.

தூசு, கறை, செலோடேப்

தூசுக்கு 2 அங்குல மென்மையான ஆட்டுமயிர் பிரஷ், நடுவிலிருந்து வெளியே. கறைக்கு, வெள்ளை வினைல் அழிப்பானைத் தேங்காய்த் துருவியின் நுண்ணிய பக்கத்தில் துருவி, அந்தத் தூளைத் தாளில் தூவி விரல் நுனியால் உருட்ட வேண்டும். தாளின் ஓரத்தில் 15 மி.மீ.க்குள் தூளும் வேண்டாம், விரலும் வேண்டாம், பிரஷ் மட்டும். முந்தைய உரிமையாளர் பென்சிலால் எழுதியிருந்தால் அந்த இடத்தையும் விட்டுவிடுங்கள். வாரத் தேதியை ஓரத்தில் எழுதி வைத்திருக்கிறார் என்றால் அது பொன்னான தகவல். தாளுக்கு 5 நிமிடம் வீதம் பத்து மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக ஆனது. பூஞ்சை தெரிந்தால் என்95 முகமூடி கட்டி, வெளியில் வைத்துச் செய்யுங்கள்.

ஊதா முத்திரையைத் துடைக்கவே கூடாது. பஞ்சுக் குச்சியைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, முத்திரையின் ஓரத்தில் வைத்து எடுத்தபோது பஞ்சு உடனே ஊதாவானது. கருப்பு அச்சு மை எண்ணெய் மை, அசையவில்லை. பின்பக்க விளம்பரம் ஒன்றின் சிவப்பு மை லேசாக விட்டது. இந்தச் சோதனை முடிந்ததும் தாள்களைத் தண்ணீரில் கழுவும் யோசனையைக் கைவிட்டாயிற்று. அமிலம் நீக்கும் குளியலும் அதோடு போயிற்று. இப்படி நைந்த நியூஸ் பிரிண்ட்டை ஈரத்தோடு தூக்குவது தேர்ந்த ஆய்வுக்கூடத்துக்கான வேலை.

செலோடேப் 14-ல் 9 இடத்தில் பிளாஸ்டிக் தானாகவே உரிந்து, மஞ்சள் கறை மட்டும் நின்றது. மீதி 5-க்கு ஹேர் டிரையரைக் குறைந்த சூட்டில் ஒரு சாண் தள்ளிப் பிடித்து, மெல்லிய தட்டைக் கத்தியை டேப்புக்கும் தாளுக்கும் நடுவே படுக்கையாக நுழைத்து, டேப்பைத் தாளோடு ஒட்டினாற்போல் பின்னோக்கி மடித்து இழுத்தது. மேலே தூக்கி இழுத்தால் அச்சும் சேர்ந்து வரும். மிஞ்சிய பிசினைக் கிரேப் ரப்பர் துண்டால் உருட்டி எடுக்கலாம். கறை போகாது. அசிட்டோன், தின்னர் என்று முயலவேண்டாம். மை பரவி, கறை வட்டமாகப் பெரிதாகும். கறையோடு இருக்கட்டும்.

பசை

கடையில் கிடைக்கும் மைதா அப்படியே உதவாது. அதிலுள்ள பசைப்புரதம் காய்ந்ததும் விறைக்கும், மஞ்சளாகும், பூச்சிக்கு விருந்து. வேண்டியது மாவுச்சத்து மட்டும். அல்வாவுக்குக் கோதுமைப் பால் எடுப்பதுதான் வழி: 250 கிராம் மைதாவைக் கெட்டியாகப் பிசைந்து, அரை மணி நேரம் ஊறவைத்து, தண்ணீருக்குள் பிசைந்து பிசைந்து கழுவினால் பால் பிரிந்து, கையில் ரப்பர் போன்ற சக்கை மிஞ்சும். சக்கையை எறிந்துவிட்டு, பாலை வடிகட்டி இரவு முழுதும் தெளியவிட்டு, மேல் நீரை இறுத்து, புதுத் தண்ணீர் ஊற்றி மறுபடி தெளியவிட வேண்டும். மூன்று தடவை. அடியில் தங்கும் வெள்ளை மாவை நிழலில் உலர்த்தி வைத்துக்கொள்ளலாம்.

ஒரு பங்கு மாவு, ஐந்து பங்கு காய்ச்சி வடித்த நீர். அரை மணி நேரம் ஊறவைத்து, சிறு தீயில் கைவிடாமல் 25 நிமிடம் கிளற வேண்டும். வெள்ளை மாறிக் கண்ணாடிப் பதம் வந்து, கரண்டியிலிருந்து கனமாக விழும்போது இறக்கலாம். ஆறியதும் நைலான் சல்லடையில் இரண்டு தடவை தேய்த்து, கிழிசல் வேலைக்குத் தயிர்ப் பதத்துக்குத் தளர்த்துங்கள். மோர்ப் பதம் ஆகிவிட்டால் கெட்டது. குளிர்பதனப் பெட்டியில் நான்கு நாள் நிற்கும். புளித்த வாடை வந்தால் கொட்டிவிடுங்கள்.

மோர்ப் பதத்தின் விளைவு மூன்றாம் தாளில் இப்போதும் தெரிகிறது. பசையில் நீர் கூடிப்போய், ஒட்டிய இடத்தைச் சுற்றி ஒரு பழுப்பு வளையம். தாளில் ஊறிக் கிடக்கும் சிதைவுப் பொருளை நீர் கரைத்துக்கொண்டு நகர்ந்து, உலரும் எல்லையில் விட்டுவிட்டுப் போகிறது. வந்த வளையம் போகாது. அதன்பிறகு எல்லாத் தாளிலும் பசை தொட்ட பிரஷ்ஷைப் பிளாட்டிங் பேப்பரில் ஒருமுறை ஒற்றிய பிறகே வேலை.

குதிரைக் காலைக் கடந்த கிழிசல்

27-ஆம் தாளில் ஒரு குதிரை ஓவியம். ஓரத்திலிருந்து உள்ளே ஓடிய கிழிசல் முன்காலைக் குறுக்கே வெட்டிக்கொண்டு 62 மி.மீ. போயிருந்தது. இதை ஒட்டியதை விரிவாகச் சொன்னால் மற்றவை தானாகப் புரியும்.

கிழிந்த தாளின் ஓரம் கத்தியால் வெட்டியதுபோல் நேராக இருக்காது, சரிவாக இருக்கும். ஒரு பக்கத்தில் அச்சோடு கூடிய மேல்தோல் நீண்டிருக்கும், எதிர்ப்பக்கத்தில் அச்சில்லாத வெள்ளை நார் நீண்டிருக்கும். அச்சுத்தோல் மேலே, வெள்ளை நார் கீழே என்று படிய வைக்க வேண்டும். கிழிசல் பாதி வழியில் சரிவை மாற்றிக்கொள்வதும் உண்டு. இந்தத் தாளில் 40 மி.மீ.-ல் மாறியது. அதுவரை இடது ஓரம் மேலே, பிறகு வலது ஓரம் மேலே. இதைக் கவனிக்காமல் மொத்தமாக ஒன்றின்மேல் ஒன்றைப் போட்டு ஒட்டினால் வெள்ளைக் கீற்று தெரியும், கோடு ஒரு மில்லிமீட்டர் தள்ளும். மணியத்தின் கோடு ஒரே இழுப்பில் தடித்து மெலிந்து போவது. ஒரு மில்லிமீட்டர் விலகினால் குதிரை நொண்டும்.

ஆகவே ஓவியப் பக்கம் மேலே இருக்க, கண்ணாடித் தட்டின்மேல் தாளை வைத்து, அடியில் விளக்கு போட்டு, லென்ஸில் பார்த்து, குளம்பின் மேலுள்ள தடித்த கோடு பொருந்துகிறதா என்று முதலில் அங்கே நிறுத்தி, ஒரு சிறு எடை. பிறகு முழங்கால், அங்கே ஒரு எடை. கடைசியில் ஓரம். பசையே இன்னும் தொடவில்லை. பொருந்தியதும் மேலே ஒரு அட்டையை வைத்து, தட்டோடு சேர்த்துத் திருப்பினால் பின்பக்கம் மேலே வரும்.

ஒட்டுவதற்கு ஜப்பானியக் கோசோ தாள், 5 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 5 கிராம்). பின்பக்க எழுத்தும் அதன் வழியே படிக்க முடியும். கிடைக்காவிட்டால் நேபாளத்து லோக்தா கைத்தாளில் மிக மெல்லியது. பரிசுப் பொருள் சுற்றும் டிஷ்யூ வேண்டாம். கத்தரியால் வெட்டாமல், நனைத்த பிரஷ்ஷால் கோடு இழுத்து, இரு கையாலும் மெல்லப் பிரித்தால் ஓரம் மீசை மீசையாக நாரோடு வரும். அந்த மீசைதான் தாளைப் பிடிப்பது. நேராக வெட்டிய ஓரம் தாளில் புதிய மடிப்புக் கோடாகிவிடும். அகலம் 6 மி.மீ.; 62 மி.மீ. நீளத்துக்கு ஒரே துண்டாக இல்லாமல், வளைவைப் பின்பற்றி மூன்று துண்டு. பசை துண்டுக்குத்தான், தாளுக்கு அல்ல. இடுக்கியால் எடுத்து வைத்து, காய்ந்த பிரஷ்ஷால் மேலிருந்து தட்டி, பாலியஸ்டர் நான்-வோவன் துணி, அதன்மேல் பிளாட்டிங் பேப்பர், அதன்மேல் ஒரு கிலோ எடை. 5 நிமிடத்தில் பிளாட்டிங்கை மாற்றி, மறுபடி 20 நிமிடம். தையற்கடைகளில் கிடைக்கும் நான்-வோவனில் பசை தடவாததைக் கேட்டு வாங்குங்கள்.

எடை அதிகம் வேண்டாம். இரண்டு மூன்று நாள் இறுக்கி வைத்தால் அச்சின் அழுத்தம் தட்டையாகிப்போகும். விரல் நுனிக்குத் தெரிந்த அந்தச் செதுக்கலும் ஓவியத்தின் ஒரு பகுதிதான்.

ஒற்றைத் தாளை இரட்டையாக்குதல்

வெட்டி எடுத்த தாள் எல்லாம் ஒற்றைத் தாள். ஒற்றைத் தாளைப் பாரமாக (நடுவில் மடித்து ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகிய தாள் கட்டு) மடித்துத் தைக்க முடியாது. அதனால்தான் பைண்டர் குத்துத் தையலுக்குப் போனார். தீர்வு, இரண்டு தாளை நடுவில் ஒரு கோசோ நாடாவால் இணைத்து ஒரு மடிதாள் ஆக்குவது. நாடா 10 ஜி.எஸ்.எம்., அகலம் 15 மி.மீ. இரண்டு தாளுக்கும் நடுவே 2 மி.மீ. இடைவெளி விட்டு, இருபுறமும் 6.5 மி.மீ. படியும்படி ஒட்ட வேண்டும். இனி வளைவது பழைய தாள் அல்ல, அந்த 2 மி.மீ. நாடா. எத்தனை முறை புரட்டினாலும் ஓவியம் உள்ள தாள் அசையாமல் படுக்கும். எழுத்து விளிம்புவரை ஓடும் சில தாள்களில் படிமானத்தை 3 மி.மீ. ஆகக் குறைத்து, நாடாவையும் குறுக்கிக்கொள்ள வேண்டியிருந்தது. ஒடிந்த 31 தாளுக்கும் முதலில் ஒடிவை 5 ஜி.எஸ்.எம். தாளால் சேர்த்து, அதன்பிறகு நாடா.

118 தாள், ஆக 59 மடிதாள். நான்கு மடிதாள் ஒரு பாரம் என்றால் 14 பாரம், கடைசியில் மூன்று மடிதாளோடு ஒன்று, மொத்தம் 15. இணைக்கும் வரிசையில்தான் தவறு நடக்கும். 1-ஐ 2-உடன் ஒட்டிவிடத் தோன்றும். முதல் பாரத்துக்கு 1–8, 2–7, 3–6, 4–5. அடுத்தது 9–16, 10–15 என்று போகும். கடைசி பாரம் 113–118, 114–117, 115–116. இதை எழுதிக் கண்ணெதிரே ஒட்டிவைத்துக்கொண்டு செய்யுங்கள்.

நாடாவின் நார் ஓட்டம் முதுகுக்கு இணையாக, மேலிருந்து கீழாக இருக்க வேண்டும். முதலில் வெட்டிய ஆறு நாடா குறுக்கு ஓட்டத்தில் வந்துவிட்டது. காய்ந்ததும் முதுகு ஓரம் அலை அலையாகச் சுருங்கியது. அந்த ஆறையும் மெத்தில் செல்லுலோஸ் கூழால் ஈரப்படுத்தி எடுத்துவிட்டு மறுபடி ஒட்டியது. மாவுச்சத்துப் பசை இப்படி இளகிக்கொடுப்பதால்தான் அதைப் பயன்படுத்துகிறோம். ஃபெவிகாலாக இருந்திருந்தால் ஆறு ஜோடியும் கெட்டிருக்கும்.

இல்லாத இரண்டு தாள்

சேகரிப்பவர்களின் நட்பு உதவுவது இங்கேதான். அதே முதல் வெளியீட்டுத் தொகுப்பு வைத்திருக்கும் இன்னொருவரிடமிருந்து அந்த இரண்டு தாளின் ஸ்கேன் வந்தது. கேட்கும்போது தெளிவாகக் கேளுங்கள்: 600 டி.பி.ஐ., கிரேஸ்கேல், டிஃப் கோப்பு, தாளின் பின்னால் ஒரு கருப்பு அட்டை வைத்து எடுத்தது. கருப்பு அட்டை இல்லாவிட்டால் பின்பக்க விளம்பரம் ஓவியத்துக்குள் நிழலாகத் தெரியும். பைண்டிங்கை விரித்து அழுத்தி ஸ்கேன் எடுக்கச் சொல்லவே வேண்டாம். அவருடைய தையல் கோடும் ஒடியும். மேலிருந்து கேமராவால் எடுத்தால் போதும். சுற்றில் யாரிடமும் இல்லாத தாளுக்குத் தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற இடங்களில் பழைய இதழ்களைப் பார்த்து உறுதி செய்யலாம்.

அச்சிட்டது 80 ஜி.எஸ்.எம். அமிலமற்ற தாளில், நிறமி மை பிரிண்டரில். பழுப்பு நிறம் கூட்டி, மூலம்போல் தோன்றச் செய்யவில்லை. கீழ் மூலையில் பென்சிலால் 'பிரதி' என்றும் வருடமும் எழுதியிருக்கிறது. நாளை இது கை மாறும்போது வாங்குபவர் ஏமாறக்கூடாது.

தையலும் அட்டையும்

முதுகில் மூன்று பருத்தி நாடா, ஒவ்வொன்றும் 12 மி.மீ.; மேலும் கீழும் 15 மி.மீ.-ல் முடிச்சுத் தையல். மெல்லிய லினன் நூல், சுமார் 4 மீட்டர். ஒரு மீட்டர் துண்டுகளாக முடிச்சுப் போட்டுச் சேர்த்துக்கொள்வது வசதி. துளையை ஊசியால் முன்கூட்டியே, மடிப்பின் நடுவில், கோசோ நாடாவில் மட்டும் படும்படி போட வேண்டும். நூலை இழுக்கும் திசை எப்போதும் முதுகுக்கு இணையாக; உங்களை நோக்கி இழுத்தால் கோசோ கிழியும்.

தைத்து முடித்ததும் முன் ஓரம் 11 மி.மீ., முதுகு 15 மி.மீ. ஒவ்வொரு தாளிலும் ஏறிய நாடாவின் கனமும் நூலும் சேர்ந்த வீக்கம் அது. முதுகை உள்ளங்கையால் அழுத்தி லேசாக வளைத்ததில் 13.5-க்கு வந்தது. தட்டையாகவே விட்டிருந்தால் முன் ஓரம் மூடாமல் வாயைத் திறந்துகொண்டு நிற்கும். பிறகு முதுகில் கோசோ, அதன்மேல் பருத்தித் துணி, இரண்டும் மாவுப் பசையால். அட்டை 2 மி.மீ. அமிலமற்ற போர்டு, மேலே காலிகோ. முன்னும் பின்னும் நான்கு நான்கு வெற்றுத் தாள், அமிலம் சோதிக்கும் பி.எச். பேனாவில் ஊதா காட்டியவை, அதாவது அமிலமற்றவை. அந்தப் பேனா நிரந்தரக் கறை விடும். துண்டுத் தாளில் மட்டும் சோதியுங்கள்.

வைக்கும் இடம்

லேமினேஷன் செய்யலாமா என்று பலர் கேட்பதுண்டு. கூடாது. சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைத் தாளை அழிக்காமல் எடுக்க வழியில்லை. உறை வேண்டுமானால் பாலியஸ்டர் அல்லது பாலிபுரொப்பிலீன், 50 முதல் 75 மைக்ரான். புது ரெக்ஸின் வாடை அடிக்கும் பி.வி.சி. உறை அச்சு மையை இழுத்து ஒட்டிக்கொள்ளும். சந்தேகம் இருந்தால் செம்புக் கம்பியைச் சுடரில் நிறம் மறையும்வரை சூடாக்கி, அந்த உறையில் தொட்டு, மறுபடி தீயில் காட்டுங்கள். பச்சைச் சுடர் வந்தால் பி.வி.சி. இதை வெட்டவெளியில் செய்யுங்கள்.

தொகுப்பு இருப்பது மூடி இறுகிய 20 லிட்டர் பெட்டியில், பருத்தித் துணியில் சுற்றி, படுக்கை வசமாக. உள்ளே 200 கிராம் சிலிக்கா ஜெல். ஜெல்லின் நிறம் மாறினால் ஓவன் அடுப்பில் 120 டிகிரியில் இரண்டு மணி நேரம். ஈரப்பதம் 45-லிருந்து 55 சதவீதம் இருக்கும்படி பார்க்கிறோம். 40-க்குக் கீழே போனால் தாள் இன்னும் நொறுங்கும், அப்போது ஜெல்லில் பாதியை எடுத்துவிட வேண்டும். மலிவான ஈரமானியை நம்புவதற்கு முன், ஒரு மூடியில் ஈரமாக்கிய கல் உப்பை வைத்து, மானியோடு சேர்த்து டப்பாவில் எட்டு மணி நேரம் மூடிவையுங்கள். 75 காட்ட வேண்டும். இங்கே வாங்கியது 69 காட்டியது. அதன் முதுகில் '+6' என்று எழுதி ஒட்டியிருக்கிறது. அந்துருண்டை வேண்டாம், வாடை தாளில் ஏறிவிடும். வசம்பு போடுவதானால் துணி முடிப்பில், தாளில் படாமல்.

பழைய மார்பிள் அட்டை, சிவப்பு காலிகோத் துண்டு, வெட்டி எடுத்த நூல், உரிமையாளர் கையால் 'முதல் பாகம்' என்று எழுதிய லேபிள் எல்லாம் தனி உறையில், அதே பெட்டியில், தொகுப்பின் அடியில். கூடவே ஒரு தாளில்: எந்தத் தாளில் எந்த ஒட்டு, எந்தப் பசை, எந்தெந்த எண் பிரதி, மூன்றாம் தாளின் வளையம் எப்படி வந்தது.